அக்கரைக்காரி நிரப்பிய பீப்பாய்கள்

டெல்ஃபீனா தன் ஆயுளில் எத்தனையோ தவறுகள் செய்திருக்கிறாள். ரொட்டியைக் கருக்கியிருக்கிறாள். கோயில் திருவிழாவில் பங்குச் சாமியாரின் தங்கையை அவருடைய தாய் என்று நினைத்துக் கையில் முத்தமிட்டு, அந்த அம்மாளின் நிரந்தர விரோதத்தைச் சம்பாதித்திருக்கிறாள். அதையெல்லாம் ஸெத்தியானி ஊர் மறந்துவிட்டது. ஒன்றை மட்டும் மறக்கவில்லை. அந்த ஒன்றை அவள் அலட்சியத்தால் செய்யவில்லை. அன்பினால் செய்தாள், உழைத்துச் செய்தாள், வேர்வை சொட்டச் சொட்டச் செய்தாள். அதனால்தான் அது அவ்வளவு தூரம் வலித்தது.

அவள் பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம், பியெமோந்தேயின் குன்றுகளில். நான்கு தலைமுறையாகச் சிவப்பு ஒயின் செய்கிற குடும்பம். அவள் அப்பா சனிக்கிழமைதோறும் நிலவறைக்குள் இறங்குவார். விரல் முட்டியால் ஒவ்வொரு பீப்பாயாகத் தட்டிக்கொண்டே போவார். 'டொக்' என்று அடைத்த சத்தம் வந்தால் அடுத்ததற்குப் போவார். 'டொங்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் நின்றுவிடுவார். மரம் கொஞ்சம் குடித்திருக்கும், காற்று கொஞ்சம் எடுத்திருக்கும். அந்த இடைவெளியை உடனே நிரப்பியாக வேண்டும். காற்று இருந்தால் ஒயினின் மேல் வெள்ளையாக ஏடு படியும். ஏடு படிந்தால் பீப்பாய்க்கு நோய். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால்கூட அந்த வீட்டில் அவ்வளவு பதற மாட்டார்கள். ஏழு வயதில் டெல்ஃபீனா புனல் பிடித்தாள். பன்னிரண்டு வயதில் அப்பாவுக்குப் பதிலாகத் தட்டிப் பார்த்தாள்.

பிரியாமோ அங்கே பட்டாள முகாமில் கட்டாயச் சேவை முடித்து, கையில் காசில்லாமல், அறுவடைக் கூலிக்கு வந்தவன். குள்ளம், கருப்பு, பேச்சு கம்மி. திராட்சைக் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறும்போது மட்டும் தன் தீவுப் பாஷையில் எதையோ முணுமுணுப்பான். வசவோ பாட்டோ என்று கேட்கப் போய்த்தான் டெல்ஃபீனா மாட்டிக்கொண்டாள். கல்யாணம் ஆனது. கப்பலேறி அவன் தீவான சார்தினியாவில் ஸெத்தியானிக்கு வந்தார்கள்.

வந்த வீட்டில் மாமனார் மாமியார் இல்லை. இருந்தது ஒரு நாத்தனார். பிரியாமோவின் அக்கா ரைமொந்தா. கல்யாணம் ஆகாதவள், நாற்பத்தைந்தைத் தொட்டவள், கறுப்பு உடையைத் தவிர வேறு உடுத்தாதவள். அப்பா படுக்கையில் விழுந்த நாள்முதல் பீப்பாய்க் கூடம் அவள் கையில்தான் இருந்தது. பிரியாமோ வயலைப் பார்த்துக்கொண்டான், வண்டி ஓட்டினான், திராட்சைக் கொடி வெட்டினான். ஆனால் திராட்சை கூடத்து வாசலைத் தாண்டிவிட்டால் அது ரைமொந்தாவின் ராஜ்யம்.

வந்த அன்றே டெல்ஃபீனா அந்த ராஜ்யத்தைப் பகைத்துக்கொண்டாள். வாசலில் நிற்கவைத்து ஒரு சின்னக் கோப்பையில் வீட்டு ஒயினான வெர்னாச்சாவைக் கொடுத்தார்கள். வெயில் நிறம். வாயில் வைத்தால் கசந்த பாதாம், உலர்ந்த மரம், தொண்டையில் நெருப்பு. அவள் பழகிய ஒயினோடு இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. புருஷன் பக்கம் சாய்ந்து, விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"எங்க வீட்டுல இதைக் காடின்னு சொல்லிக் கீரைக்கு ஊத்துவோம்."

ரைமொந்தாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"ஊத்துவீங்க, ஊத்துவீங்க. கீரை அவ்வளவு நல்லா இருந்தா சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூன்று வருஷம் டெல்ஃபீனா கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது, அதற்குச் செத்துப்போன மாமியாரின் பெயரான பொனாரியா என்றே பேர் வைத்தாள். மீன் முட்டையை உப்பிட்டு உலர்த்தக் கற்றுக்கொண்டாள், ரவையை உள்ளங்கையில் உருட்டி மணிமணியாக்கக் கற்றுக்கொண்டாள். தீவுப் பாஷையில் சண்டை போடக்கூடக் கற்றுக்கொண்டாள். ஆனால் கூடத்துப் பக்கம் போனால், "நீ அடுப்பப் பாரும்மா. பீப்பாய்க்கு உன்ன இன்னும் அடையாளம் தெரியல," என்று பதில் வரும். ஊரில் அவளுக்குப் பெயரே அக்கரைக்காரி. பிறந்த வீட்டில் புனல் பிடித்த கை, புகுந்த வீட்டில் கரண்டியோடு நின்றது. அந்த வீட்டில் அவள் ஆசைப்பட்டது நகையுமில்லை, நிலமுமில்லை. அந்தக் கூடத்துக்குள் தன்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் திருவிழாக் குதிரைகள் பக்கத்து நகரமான ஒரிஸ்தானோவின் வீதிகளில் ஓடி முடித்து, சாம்பல் புதனும் போன பிறகு, ரைமொந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பித்தப்பையில் கல். பல மாதமாக வலியைப் பல்லைக் கடித்து மறைத்திருக்கிறாள். கல்யாரி ஆஸ்பத்திரியில் உடனே வெட்ட வேண்டும் என்றார்கள். பிரியாமோ கூடப் போய்த் தங்கவேண்டியதாயிற்று.

வண்டியில் ஏறும்போது ரைமொந்தா இடுப்பிலிருந்து கூடத்துச் சாவியை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு டெல்ஃபீனாவிடம் நீட்டினாள்.

"சன்னல் ரெண்டையும் திறந்தே வை. காத்து வந்து போகணும்."

"சரிக்கா. வேற?"

"வேற என்ன? வேற ஒண்ணுமில்ல."

ரைமொந்தாவைக் குற்றம் சொல்ல முடியாது. பீப்பாயை நிரப்பாதே என்று அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. தூங்குகிற குழந்தையின் மூக்கைப் பொத்தாதே என்று யாராவது சொல்லிவிட்டுப் போவார்களா?

டெல்ஃபீனா மறுநாள் காலையில் கதவைத் திறந்தாள். மண்கட்டிச் சுவர், ஓட்டுக் கூரை, எதிரெதிராக இரண்டு சன்னல். அவள் ஊர் நிலவறைபோல் பூமிக்கடியில் குளுகுளு என்று இல்லை. வீட்டுக்குள் இன்னொரு அறை மாதிரி இருந்தது. வரிசையாக எட்டுச் சின்னப் பீப்பாய்கள். மூன்று வருஷம் பூட்டியிருந்த கோயிலுக்குள் நுழைகிறவள்போல நின்றாள். பிறகு, அவள் அறியாமலே கை எழுந்தது. முதல் பீப்பாயைத் தட்டினாள்.

டொங்.

அடுத்ததும் டொங். அதற்கடுத்ததும். கடைசிவரை ஒன்றுகூட அடைத்த சத்தம் தரவில்லை. மேலே இருந்த மூடியைக் கழற்றி, மெழுகுவத்தியைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு சாண் வெற்றிடம். அதற்குக் கீழே ஒயினின் மேல், ஆறிய பாலில் படிகிற மாதிரி, வெள்ளையாகச் சுருக்கம் சுருக்கமாக ஏடு.

அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒயினுக்காக இல்லை, ரைமொந்தாவுக்காக. பாவம், எத்தனை மாதமாக வலியோடு இருந்தாளோ. குடம் தூக்க முடிந்திருக்காது. நிரப்ப முடிந்திருக்காது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவும் ரோஷம் விட்டிருக்காது. ஒவ்வொரு பீப்பாயாக நோய் விழுவதைப் பார்த்துக்கொண்டே, பூட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறாள். மூன்று வருஷத்துக் கோபம் அந்த நிமிஷத்தில் டெல்ஃபீனாவின் மனசிலிருந்து கழன்று விழுந்தது. 'நான் இருக்கேன் அக்கா' என்று அந்தக் கூடத்தில் வாய்விட்டே சொன்னாள்.

அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். அப்பா செய்வதுபோலவே செய்தாள். ஒரு பீப்பாயைப் பலி கொடுத்துத்தான் மற்றவற்றைக் காப்பாற்ற முடியும். கடைசிப் பீப்பாயைக் குழாய் வைத்து இறக்கினாள். நீண்ட காம்புப் புனலை ஏட்டுக்கு அடியில் செலுத்தி, ஒயினைக் கீழிருந்து மெல்ல மெல்ல ஏற்றினாள். ஏடு தானாக மேலே வந்து, வாய் வழியாக வழிந்து வெளியேறியது. வெள்ளைத் துணியால் ஒரு திட்டு விடாமல் துடைத்தாள். காலியான பீப்பாயைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, உள்ளே கந்தகத் திரி கொளுத்திப் புகை போட்டாள். குழந்தை கூடையில் தூங்கியது. முதுகு விட்டுப்போயிற்று. சன்னல்களை மட்டும் சொன்ன சொல் மாறாமல் திறந்தே வைத்தாள். வேலை முடிந்த அன்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனாள். டொக், டொக், டொக். அப்பா இருந்திருந்தால் தலையைத் தடவியிருப்பார்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆபரேஷன் முடிந்து, காய்ச்சல் கண்டு, அதுவும் தணிந்த பிறகு, வீட்டை ஒழுங்குபடுத்த பிரியாமோ ஒருநாள் முன்னால் வந்தான். டெல்ஃபீனா அவன் கோட்டைக் கழற்றக்கூட விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"தட்டிப் பாரு."

தட்டினான். இன்னொன்றைத் தட்டினான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"என்ன பண்ணுன நீ?"

"நிரப்பியிருக்கேன். எல்லாத்தையும். ஒத்த ஆளா."

"ஏடு?"

"எடுத்தாச்சு. பயப்படாத, ஒரு பொட்டு விடாம துடைச்சாச்சு."

"துடைச்சாச்சா," என்றான். காலிப் பீப்பாயின் மேல் உட்கார்ந்தான். கந்தக வாடை மூக்கில் ஏறியதும் அதிலிருந்தும் எழுந்துவிட்டான்.

"டெல்ஃபீனா, அந்த ஏடுதான் நம்ம ஒயின். அது மேல படிஞ்சு உக்காந்து, வருஷக்கணக்கா ஒயினைத் தின்னு தின்னு, அப்புறம்தான் அந்த மணம் வரும். அதுக்கு மூச்சு விட எடம் வேணும். அதுக்குத்தான் பீப்பாயில கொறை வைக்கிறது."

"வேணும்னே கொறை வைப்பீங்களா?"

"எங்க தாத்தன் காலத்துலேர்ந்து வைக்கிறோம்."

"இத ஏன் என்கிட்ட யாரும் சொல்லல?"

"இதை யார் சொல்லுவா?"

டெல்ஃபீனா நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கைகள் இன்னும் சிவந்து, சுடுதண்ணீரில் ஊறித் தோலுரிந்திருந்தன. அந்தக் கைகளைப் பிரியாமோ பார்த்தான். திட்ட வந்தவன் திட்டவில்லை.

"அக்காவுக்கு இப்பத் தெரிய வேண்டாம்," என்றான். "தையல் இன்னும் காயல."

அப்படித்தான் அந்த வீட்டுக்குள் பொய் வந்தது.

ரைமொந்தாவை முற்றத்தைப் பார்த்த அறையில் படுக்கவைத்தார்கள். தினமும் சூப்புக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கேட்பாள்.

"ஏடு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குக்கா."

"சுருக்கம் விழுந்திருக்கா?"

"விழுந்திருக்குக்கா."

 டெல்ஃபீனா சூப்பில் உப்புப் போட மறந்தாள். மறுநாள் இரண்டு தடவை போட்டாள். திட்ட வேண்டியவள் கருணையோடு இருந்ததுதான் இன்னும் கொடுமை. "நான் இல்லாதப்ப நல்லாத்தான் பாத்திருக்க," என்று ஒருநாள் ரைமொந்தா சொன்னாள். மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. டெல்ஃபீனா வெளியே போய்க் கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

ஈஸ்டர் முடிந்து வெயில் இளகிய ஒரு முற்பகலில், ரைமொந்தா தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"கூடத்துச் சன்னல் திறந்துதானே இருக்கு?"

"திறந்துதான் இருக்கு."

"அப்ப முற்றம் ஏன் மணக்கல?"

டெல்ஃபீனா தலையணையைச் சரிசெய்யக் குனிந்தாள்.

"நான் பொறந்ததுலேர்ந்து ஏப்ரல்ல இந்த முற்றம் பாதாம் மணக்கும். துணி காயப்போட்டா துணி மணக்கும். ஏன் மணக்கல?"

வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுவரை மறு கையால் பிடித்துக்கொண்டு, ரைமொந்தா இறங்கி நடந்தாள். டெல்ஃபீனா ஓடிப்போய்க் கூடத்துக் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா, நான் சொல்லிடுறேன். உள்ள போகாதீங்க. நான்தான் நிரப்பினேன். நோய்னு நெனச்சேன். உங்களால முடியாமப் போச்சுன்னு நெனச்சேன்."

ரைமொந்தா அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். தட்டும் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து, நம்பாதவள்போல் அதையே மறுபடி தட்டினாள். எட்டாவது பீப்பாயில் மட்டும் வெறும் ஓசை எழுந்தது. வெளியே வந்தபோது அவள் முகம் துணிபோல வெளுத்திருந்தது.

"ஏழு பீப்பாயும் கீரைக்குத் தயார்," என்றாள். "நல்லா ஊத்திச் சாப்பிடு."

அதற்குப் பிறகு அவள் டெல்ஃபீனாவோடு நேராகப் பேசவில்லை. பேச வேண்டியதைக் குழந்தையிடம் பேசினாள். "உங்கம்மாகிட்ட சொல்லு பொனாரியா, ரொட்டி வேகல." "உங்கம்மாகிட்ட சொல்லு, கதவு கிறீச்சிடுது." குழந்தைக்கு அப்போது ஒரு வயது. அது சிரிக்கும். பிரியாமோ ஒருதரம் நடுவில் புகுந்து, "குழந்தைக்கு வாய் வலிக்கப்போகுது, என்கிட்டயாவது சொல்லுக்கா," என்றான். "உங்கப்பாகிட்ட சொல்லு, அவன் வேலையப் பாக்கச் சொல்லு," என்று பதில் வந்தது.

பிரியாமோ ரைமொந்தா சொன்னபடி ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் ஒயினை இறக்கி, பழையபடி ஒரு சாண் வெற்றிடம் விட்டான். இறக்கியதைக் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்தான். இனி ஏடு தானாக எழ வேண்டும். அது எழுவது வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும்தான். வசந்தம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இலையுதிர்காலத்திலும் எழவில்லையென்றால், மூடாத மேனியோடு காற்றில் கிடக்கும் ஒயின் குளிர்காலம் முடிவதற்குள் காடியாகிவிடும்.

"மறுபடி நிரப்பிடலாமேக்கா," என்றான் பிரியாமோ. "சாதா ஒயினா வித்தாவது..."

"எங்கப்பன் பீப்பாயிலேர்ந்து சாதா ஒயின் வராது. வந்தா வெர்னாச்சா, இல்லன்னா காடி," என்றாள் ரைமொந்தா. "இன்னொண்ணு. இந்தப் பேச்சு இந்த முற்றத்தத் தாண்டக் கூடாது."

கோடை வந்தது. மண்சுவர்கூடச் சுட்டது. ஏடு எழவில்லை. செப்டம்பரில் அறுவடை வந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து கூடை சுமந்தார்கள், டெல்ஃபீனா எல்லாருக்கும் சமைத்துப்போட்டாள், ரைமொந்தா கூடத்துப் பக்கம் யாரையும் விடவில்லை. அக்டோபர் வந்தது. ஒவ்வொரு காலையிலும் டெல்ஃபீனா, யாரும் சொல்லாமலே, மெழுகுவத்தியோடு போய்ப் பார்த்தாள். ரைமொந்தா தடுக்கவில்லை. வெளியே வரும்போது அவள் முகத்தை மட்டும் பார்ப்பாள். பார்த்ததுமே தெரிந்துவிடும். திரும்பிக்கொள்வாள்.

அந்தத் திரும்பலைத்தான் டெல்ஃபீனாவால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால், கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஒரு பிற்பகலில் அவள் வெள்ளைக் கிண்ணம் ஒன்றை எடுத்து, ஈரத்துணியை மேலே போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். மூன்று வீடு தள்ளி பசிலியோவின் வீடு. ஊரிலேயே நல்ல ஏடு அவர் பீப்பாயில்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். மனைவியை இழந்தவர், பெரிய வாய்க்காரர். ஒருகாலத்தில் ரைமொந்தாவைப் பெண் கேட்டு வந்தவர். அவள் அப்பா, "கொடியைக் கொடுத்தாலும் கொடுப்பேன், பொண்ணக் கொடுக்க மாட்டேன்," என்று முற்றத்திலேயே வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டார் அந்த வாசலை மிதித்ததில்லை, அந்த வீட்டார் இந்த வாசலை மிதித்ததில்லை.

பசிலியோ வாசலில் கொடி வெட்டும் கத்தரியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"வா மருமகளே. கிண்ணத்துல என்ன? எனக்கா?"

"கிண்ணம் காலி மாமா. கேக்க வந்திருக்கேன்."

"கேளு."

"கொஞ்சம் ஏடு வேணும்."

பசிலியோ கத்தரியைக் கீழே வைத்தார்.

"ஏப்ரல்லேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன். எது முதல்ல வரும்னு. நீயா, அவளா, இல்ல காடி வாடையா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுக்கே தெரியும். உங்க சன்னல் என் பக்கம்தானே திறக்குது? மூக்குன்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கான்? அது மட்டுமா, வெள்ளைத் துணியத் துவைச்சு வரிசையா கொடியில போட்டியே, ஏழெட்டுத் துணி. ஏட்டுக் கறை எனக்குத் தெரியாதா? என் மூத்தவன் பாத்துட்டு வந்து, 'அப்பா, அக்கரைக்காரி பீப்பாயெல்லாம் குளிப்பாட்டிட்டா'ன்னான். விழுந்து விழுந்து சிரிச்சோம்."

டெல்ஃபீனாவின் முகம் எரிந்தது.

"சிரிச்சுட்டீங்களா மாமா?"

"சிரிச்சாச்சு."

"அப்ப ஏடு கொடுங்க."

பசிலியோ அவளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். எழுந்தார்.

"ரைமொந்தா அனுப்புனாளா?"

"இல்ல. தெரிஞ்சா தலைய எடுத்துடுவாங்க."

"எடுப்பா, எடுப்பா. என் தலையையும் எடுத்தவதானே," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் சாய்த்து, மேற்பரப்பை மட்டும் தொட்டு, மேலே விரலை அழுத்தி எடுத்தார். கிண்ணத்தில் விட்டதும் ஒயினின் மேல் ஏடு சின்னச் சின்னத் தீவாக மிதந்தது. இன்னொரு தடவை எடுத்தார். மூன்றாவது தடவையும் கேட்காமலே எடுத்தார். பிறகு, வழக்கப்படி, ஒரு கோப்பையை நீட்டினார். வந்தவர் குடிக்காமல் போகக் கூடாது. டெல்ஃபீனா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். முதல்முறையாக, அந்தக் கசப்புக்கு அப்புறம் வருகிற ஒன்று அவளுக்குத் தெரிந்தது. அதை என்னவென்று சொல்ல அவளுக்கு நேரமில்லை. கிண்ணம் தளும்பாமல் வீடு சேர வேண்டும்.

ரைமொந்தா முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் வாய் நேராகத் திறந்தது.

"என்ன அது?"

"ஏடு."

"யாரோடது?"

"பசிலியோ மாமாவோடது."

மொச்சைத் தட்டு கவிழ்ந்தது.

"அந்த வாசப்படிய மிதிச்சியா? எங்கப்பன் பீப்பாயில அவன் ஏடா? ஊரு முன்னால போய் நின்னு, எங்க வீட்டுல ஒண்ணுமில்ல, பிச்ச போடுங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன். ஊருக்கு ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சு. தெரியாதது நம்ம மூணு பேருக்குத்தான்."

"கொட்டு அதை."

டெல்ஃபீனா கிண்ணத்தை அவளிடம் நீட்டினாள். 

"நீங்க கொட்டுங்க. நான் கொட்ட மாட்டேன். ஒருதடவ தெரியாமத் துடைச்சு எறிஞ்சேன். தெரிஞ்சு எறிய எனக்குக் கை வராது. ஒங்கப்பா பீப்பாய்ங்கறீங்க. சரி. அவரு இருந்தா இந்நேரம் என்ன பண்ணியிருப்பாரு? ரோஷமா உக்காந்து காடி குடிச்சிருப்பாரா? என்ன ஊருக்கு அனுப்பிடுங்க, நாளைக்கே கப்பல் ஏத்திடுங்க, போறேன். ஆனா இதைப் போட்டுட்டுப் போறேன்."

ரைமொந்தா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். வடிகாலின் ஓரம்வரை போனாள். அங்கே நின்றாள். ஈரத்துணியை விலக்கிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். அவள் தோள்கள் மெல்ல இறங்கின. எட்டு மாதமாக அந்த மணம் இல்லாமல் அவள் எப்படி இருந்தாளோ, யாருக்குத் தெரியும்? முகத்தை இந்தப் பக்கம் காட்டவில்லை. தலைத்துணியின் நுனியால் ஒருமுறை துடைத்துக்கொண்டதை மட்டும் டெல்ஃபீனா பார்த்தாள்.

"அவன் ஏடு எப்பவுமே மெலிசுதான்," என்றாள் கடைசியில். "அவனும் சோம்பேறி, அவன் ஏடும் சோம்பேறி. குழாயக் கொண்டா."

கூடத்தில் முதல் பீப்பாயின் வாயருகே ரைமொந்தா குழாயைப் பிடித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கை பழைய கை இல்லை. குழாயின் நுனி விளிம்பில் மோதி மோதித் தத்தளித்தது. ஏடு உடைந்து அமிழ்ந்தால் அவ்வளவுதான். ஒருமுறை முயன்றாள். இரண்டாம் முறை முயலவில்லை. குழாயை டெல்ஃபீனாவிடம் நீட்டினாள்.

"உன் கை ஆடாதே?"

"ஆடாது."

"மேலேர்ந்து விடாத. பக்கவாட்டுல, மரத்த ஒட்டி விடு. அது தானா எறங்கிப் படுத்துக்கும்."

டெல்ஃபீனா மூச்சை அடக்கிக்கொண்டு விட்டாள். வெள்ளைத் திட்டு மரத்தில் வழுக்கி இறங்கி, பீப்பாய் இருட்டில் கறுத்துத் தெரிந்த ஒயினின் மேல் ஒரு நகக்கண் அளவுக்கு மிதந்து நின்றது. அடுத்த பீப்பாய்க்குப் போனார்கள். 

காத்திருப்பு மறுபடி தொடங்கியது. ஆனால் இப்போது இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். சில நாள் ஒன்றும் மாறவில்லை. பிறகு நகக்கண் நாணயமாயிற்று. நாணயம் உள்ளங்கையாயிற்று. சகல ஆத்துமாக்கள் திருநாளன்று கல்லறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது, ஐந்து பீப்பாயில் திட்டுகள் ஒன்றோடொன்று கைகோத்து மேற்பரப்பை மூடியிருந்தன. மற்ற இரண்டில் எழவில்லை. அவை காடிதான் ஆயின. ரைமொந்தா அதற்காக ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள், "உப்பு எங்க வெச்ச?" என்று டெல்ஃபீனாவிடமே கேட்டாள். குழந்தை அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, தன்னிடம் கேட்கவில்லையே என்று பார்த்தது.

புதுஒயினை ஊர் ருசி பார்க்கிற புனித மார்த்தீனோ நாளில், பசிலியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நான் கிண்ணத்துல அனுப்புன பிள்ளைங்க சௌக்கியமான்னு பாக்க வந்தேன்," என்றார்.

"ஒன் பிள்ளைங்க இங்க வந்துதான் உடம்பு தேறுச்சுங்க," என்றாள் ரைமொந்தா. "ஒன் வீட்டுல பட்டினி போட்டிருந்த."

"அப்ப ஒரு கோப்பை ஊத்து. பாக்கலாம்."

அந்த ஊரில் விருந்தாளிக்கு ஊற்றுவது வீட்டுக்காரியின் வேலை. அம்மா செத்த நாள்முதல் அந்த வீட்டில் ரைமொந்தாதான் ஊற்றுவாள். பிரியாமோ நாற்காலியை இழுத்துப் போட்டான். எல்லாரும் ரைமொந்தாவைப் பார்த்தார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னை என்ன கேக்குற? பீப்பாய் அவளோடது. அவகிட்ட கேளு."

பசிலியோ வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். டெல்ஃபீனாவின் பக்கம் திரும்பினார்.

"மருமகளே, கிடைக்குமா?"

 டெல்ஃபீனா தலையை ஆட்டினாள். ஈரக்கையை உடையில் துடைத்துக்கொண்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பின்னால் பசிலியோ ஏதோ சொல்ல, ரைமொந்தா அதற்குப் பதிலடி கொடுக்க, பிரியாமோ சிரிக்கிற சத்தம் கேட்டது. உள்ளே எந்தப் பீப்பாயிலிருந்து எடுக்கிறாள், எப்படி எடுக்கிறாள் என்று பார்க்க ரைமொந்தா எழுந்து வரவில்லை. கதவின் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.